ஆல்பா துகளும் தேர் வடமும்

அணுக்கரு இணைவு பற்றிய உங்கள் கட்டுரையில், இணைவில் பிறக்கும் ஆல்பா துகள் (ஹீலியத்தின் அணுக்கரு) நேராக எரிபொருளைச் சூடாக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டிரியம், டிரிட்டியம் இணையும்போது வரும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஆல்பாவின் பங்கு 3.5. அதில் பெரும்பகுதி முதலில் எலக்ட்ரான்களுக்குப் போகிறது. இணைய வேண்டிய எரிபொருள் அயனிகளுக்கு (எலக்ட்ரானை இழந்த அணுக்களுக்கு) அப்புறம்தான்.

அந்த ஆற்றலை, சூடான எரிபொருளுக்குள், அதாவது பிளாஸ்மாவில், ஓடும் ஓர் அலையிடம் கொடுத்து, அலை வழியாக அயனிகளுக்குச் சேர்க்கலாம் என்ற யோசனை இயற்பியலாளர்கள் நத்தானியேல் ஃபிஷ், ழான்-மார்செல் ராக்ஸ் இருவருடையது, 1992-ல்.

எங்கள் மதுரையில் சித்திரைத் தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாசி வீதியில் தேரை முந்தி நடப்பவர் வடத்தை இழுக்கிறார். பின்தங்கியவரை வடம் இழுத்துப் போகும், உள்ளங்கை எரியும். அலையைவிடச் சற்று வேகமான துகள் ஆற்றலைக் கொடுக்கும், மெதுவானது வாங்கும்.

சிக்கல் என்னவென்றால், பிளாஸ்மாவில் பொதுவாக மெதுவானவையே அதிகம், அலை தேய்ந்துவிடும். ஆனால் ஆல்பாக்கள் பெரும்பாலும் நடுவில்தான் பிறக்கின்றன. ஆற்றலை இழக்க இழக்க ஓரத்துக்கு நகரும்படி அலையை அமைத்தால் கணக்கு மாறிவிடும்: நடுவில் வேகமானவை நிறைய, ஓரத்தில் மெதுவானவை கொஞ்சம். அலை வளரும், ஆறிய ஹீலியமும் வெளியேறும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அடுத்த கட்டுரையில் இதை விரிவாக எழுதுங்கள், சார்.