சாம்பல் நிறம் மட்டும் போதாது
மதுரைக் கண்மாயில் படமெடுத்த கொக்கு சாம்பல் நிறமாக இருப்பதாலேயே அது கடலோரக் கரைக்கொக்கு என்று இந்தக் கட்டுரை முடிவு செய்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் காணப்படும் கரைக்கொக்கில் கருஞ்சாம்பல் நிறத்தவையும் உண்டு, முழு வெள்ளை நிறத்தவையும் உண்டு. நம் கண்மாய்களில் நிறைந்திருக்கும் வெள்ளை நிறச் சின்னக்கொக்கிலும் மிக அரிதாகச் சாம்பல் நிறப் பறவை தோன்றுவதுண்டு என்பதால், அலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சின்னக்கொக்கின் அலகு கறுத்து, மெலிந்து, ஊசிபோல் நேராக இருக்கும்; கரைக்கொக்கின் அலகோ சற்றுத் தடித்து, நுனியை நோக்கி லேசாகக் கீழே வளைந்து, பெரும்பாலும் பழுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். மேலே கருத்திட்ட ஒரு வாசகர் மஞ்சள் பாதத்தைச் சான்றாகக் காட்டுகிறார். அது இரண்டுக்குமே பொது. சென்ற மார்கழியில் வண்டியூர்க் கண்மாயில் கழுத்துவரை கறுத்திருந்த ஒரு கொக்கைக் கரைக்கொக்கு என்றே நானும் குறித்துவைத்தேன். அரை மணி நேரம் கழித்து அது மடையோரம் சிறகை அடித்துக் குளித்தபோது சாக்கடைச் சேறு கரைந்து வெள்ளை இறகு வெளிப்பட்டது, அலகும் மெல்லிய கறுப்பு அலகுதான். கட்டுரையாளரிடம் தலையைப் பக்கவாட்டில் காட்டும் படம் இருந்தால் அதையும் அன்புகூர்ந்து வெளியிட வேண்டும்.