அழகர் இறங்கிவிடுவார், தலைவர் இறங்கமாட்டார்

ஐம்பது நிமிடம். அந்தக் கலந்துரையாடலுக்கு நாங்கள் ஒதுக்கியது ஐம்பதே நிமிடம். அதில் பேச வேண்டியவர் பேசியது நான்கு நிமிடம். மீதி நாற்பத்தாறு நிமிடத்தை யார் யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியும். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், கையில் மூன்று அட்டைகளோடு உட்கார்ந்திருந்தவன் நான்தான். பச்சை அட்டையில் 10, மஞ்சள் அட்டையில் 5, சிவப்பு அட்டையில் ‘முடியுங்கள்’. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை என்னை நேரக் கண்காணிப்பாளர் என்றது. சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்தாவது காக்கை கொஞ்சம் தயங்கும். என்னைப் பார்த்து ஒருவரும் தயங்கவில்லை.

மதுரையில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற இரண்டு நாள் சந்திப்பு அது. நான் மூன்றாவது ஆண்டாக வேலை செய்கிறேன். சம்பளம் இல்லை, ஒரு டி-சர்ட், இரண்டு வேளைச் சாப்பாடு. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆசைப்பட்டுத்தான் போகிறேன். முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் கிளம்பிய சிவகாசி எங்களுக்குக் கூப்பிடு தூரம். உசிலம்பட்டியிலிருந்தும் தேனியிலிருந்தும் அருப்புக்கோட்டையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வருகிறார்கள். பழைய இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வருகிறார்கள். ஐம்பது வயதுக்காரர் ஒருவர், எட்டாம் வகுப்பில் தொலைத்த இதழின் அட்டையை இன்னொருவர் கையில் பார்த்ததும் பேச்சே வராமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இவர்களுக்காகத்தான் வயிறு எரிகிறது.

முதல் நாள் காலை பத்து மணிக்கு ‘மாயாவி தமிழுக்கு வந்த கதை’. அழைப்பிதழில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பேச வேண்டிய நான்கு பேரும் ஒன்பதே முக்காலுக்கே வந்து காபி குடித்துவிட்டுத் தயாராக நின்றார்கள். வராதவர் சிறப்பு விருந்தினர் மட்டும்தான். அவர் காமிக்ஸ் எழுதியவரா, வரைந்தவரா, மொழிபெயர்த்தவரா, போகட்டும், படித்தவரா? பேனருக்குப் பணம் கொடுத்தவர். அவர் 10.35க்கு வந்தார். வந்ததும் குத்துவிளக்கு. சுடர் அணையக்கூடாது என்று மின்விசிறிகள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மே மாதம். மதுரை. ஐந்து முகத்தையும் ஐந்து பேர் ஏற்ற வேண்டும், ஒவ்வொருவரும் கையில் மெழுகுவத்தியோடு கேமராவைப் பார்த்து நிற்க வேண்டும். நான்காம் முகம் ஏற்றும்போது முதல் முகம் அணைந்தது. அதை ஏற்றியவர் மறுபடியும் வந்து நின்றார், மறுபடியும் புகைப்படம். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆறு வாழ்த்துரைகள். யாரை வாழ்த்தினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவரையொருவர்தான்.

மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பலகை தகுதியுள்ள புலவருக்கு மட்டும் வளர்ந்து இடம் கொடுக்குமாம். எங்கள் மேடையும் வளர்ந்தது. ஐந்து நாற்காலி போட்ட இடத்தில் பதினொன்று ஆயிற்று. தலைப்பைப் பற்றிப் பேச வந்த நால்வரில் ஒருவர் திரைச்சீலைக்குப் பின்னால் பாதி மறைந்து உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

சிறப்பு விருந்தினர் எழுந்தார். மாயாவியின் மண்டையோட்டு மோதிரத்தைப் பற்றிப் பேசினார். வெள்ளைக் குதிரையைப் பற்றிப் பேசினார். காட்டு ஓநாயைப் பற்றிப் பேசினார். மாயாவி போல இளைஞர்கள் வீரத்தோடு வாழ வேண்டும் என்றார். அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஏனென்றால் அந்த அமர்வு அந்த மாயாவியைப் பற்றியதே இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் பிறந்தவர். பெயர் லூயிஸ் கிராண்டல். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மோதிரமும் குதிரையும் ஓநாயும் உள்ளவர் வேறு ஆள், லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேண்டம். அவரை முத்து காமிக்ஸ் வேதாளன் என்றது. ராணி காமிக்ஸோ அவருக்கு மாயாவி என்றே பெயர் வைத்துவிட்டது. ஆக, எந்தப் புத்தகத்தை முதலில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் மாயாவி மாறிவிடுவார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாயாவி, தம்பிக்கு இன்னொருவர். ஒரு பெயர் இப்படி இரண்டு தலைமுறைக்கு இரண்டு ஆளாகிப்போன கதையைத்தான் நெறியாளர் முதல் கேள்வியாக எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளை நான் பார்த்தேன். அது மடித்தபடியே அவர் சட்டைப் பையில் வீட்டுக்குப் போனது. ஏனென்றால் சிறப்பு விருந்தினர் இறங்கும்போது மணி 11.20. அடுத்த அமர்வுக்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

இதையாவது அறியாமை என்று மன்னிக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தலைப்பு ‘பலூனுக்குள் தமிழ்’. பலூன் என்றால் படக்கதையில் பாத்திரங்களின் பேச்சை எழுதுகிற வட்டம். சிவகாசிப் பக்கமிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். கம்ப்யூட்டர் எழுத்து வருவதற்கு முன்பு, படக்கதைகளுக்கு வசனங்களைக் கையாலேயே எழுதியவர். அழைத்தது நான்தான். மூன்று மாதம் போனில் கெஞ்சி, “நான் என்ன பேசப் போகிறேன் தம்பி, எழுதத்தான் தெரியும்” என்றவரைச் சம்மதிக்க வைத்தேன். பழைய கட்டைப் பேனாவும் இரண்டு நிப்பும் ஒரு டப்பாவில் வைத்து எடுத்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. சட்டை மடிப்பு கலையாமல் இருக்கப் பஸ்ஸில் சாயாமல் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார்.

இனி என் கணக்கு. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் 12 நிமிடம் சால்வை. மேடையில் இருப்பவர்களுக்குச் சால்வை, சால்வை போட்டவர்களுக்குச் சால்வை, சால்வைகளை எடுத்துக் கொடுத்த பையனுக்கு ஒரு துண்டு. அடுத்த 15 நிமிடம் நெறியாளர். இவர் காலையில் வந்த நெறியாளர் இல்லை, வேறொருவர். நெறியாளரின் வேலை கேள்வி கேட்பது. இவரோ தான் ஐந்தாம் வகுப்பில் பாடப்புத்தகத்துக்குள் காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்ததை, வாத்தியார் பிடித்ததை, அப்பா அடித்ததை, பாட்டி காப்பாற்றியதைச் சொன்னார். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் அதே பாட்டி உண்டு ஐயா! நான் பச்சை அட்டையைக் காட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். யாரோ தெரிந்தவன் கை அசைக்கிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

28ஆவது நிமிடத்தில் பெரியவர் வாயைத் திறந்தார். மெல்லிய குரல். எழுதிய தாளைப் பலூன் அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும் என்றார். இங்கிலீஷ் பலூன் இங்கிலீஷுக்கென்று போட்ட வட்டம் என்றார். அவனுக்கு மூன்று குட்டிச் சொல், நமக்கு ‘போகமுடியவில்லை’ என்று ஒரே நீளச் சொல். அதை எங்கே உடைப்பது? ‘போகமுடி’ என்று முதல் வரியில் நின்றால் வாசிக்கிறவன் முடியும் என்று நினைத்துவிடுவான், அடுத்த வரியில் ‘யவில்லை’ வந்து அவனை ஏமாற்றும். கதாநாயகன் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிற இடத்தில் அந்த ஒரு வரி முறிவு கதையையே கெடுத்துவிடும் என்றார். அரங்கு அப்படியே முன்னால் சாய்ந்தது. கல்லூரிப் பெண்கள் இருவர் நோட்டை எடுத்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பலூன் ஓரத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட வேண்டிய வெள்ளை இடத்தைப் பற்றி அவர் ஆரம்பித்தபோது, பக்கவாட்டுக் கதவு திறந்தது.

ஒரு தலைவர். எந்த அமைப்பின் தலைவர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போனாராம், பேனரைப் பார்த்தாராம். நெறியாளர் பாதி வாக்கியத்தில் பெரியவரை நிறுத்தி, “நம் நிகழ்ச்சிக்கு எதிர்பாராத பெருமை” என்றார். எழுந்து நின்றார்கள். சால்வை. மைக். பத்து நிமிடம். படிக்கும் பழக்கம் குறைந்துவருகிறது என்று கவலைப்பட்டார். படிப்பதையே வாழ்க்கையாக வைத்திருக்கிற இருநூறு பேரிடம்! நான் சிவப்பு அட்டையைத் தூக்கினேன். எழுந்து நின்று தூக்கினேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தது. அமைப்புக் குழுவில் ஒருவர். “மரியாதை தம்பி, மரியாதை” என்றார். தன் ஊரிலிருந்து எழுபது கிலோமீட்டர் வந்து, வாக்கியத்தின் நடுவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு என்ன ஐயா பெயர்?

மிச்சம் ஒன்பது நிமிடம் இருந்தது. கேள்வி நேரம் என்று அறிவித்துவிட்டார்கள். இங்கே நான் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். அரங்குக்குள் மைக் கொண்டுபோகிற பையன் வராததால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. மைக்கை யார் கையிலும் கொடுக்கக்கூடாது, நாமே பிடித்திருக்க வேண்டும், இது இந்த வேலையின் அரிச்சுவடி. நான் கொடுத்துவிட்டேன். மூன்றாம் வரிசைக்காரர் அதை வாங்கியவுடன், “இது கேள்வியல்ல, ஒரு கருத்து” என்றார். இந்த நான்கு சொற்களைக் கேட்டாலே எனக்கு இப்போது நடுக்கம் வருகிறது. அவர் மகன் செல்போனிலேயே கிடக்கிறானாம். அது கருத்தாம். மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன், அவர் என் கையைக் குலுக்கிவிட்டுத் தொடர்ந்தார். பாட்டரி தீர்ந்துதான் நின்றார். அந்தப் பாட்டரிக்கு இருந்த நாகரிகம் மேடையில் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

மாலையில் குழுவிடம் சண்டை போட்டேன். “நம் ஊரில் இப்படித்தான் தம்பி. இது சான் டியாகோ இல்லை, மதுரை” என்றார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவை 1970இலேயே தொடங்கிவிட்டார்கள், நமக்குச் சென்னையிலேயே 2024இல்தான் காமிக் கான் வந்தது, பழக நாளாகும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். பழக வேண்டுமா? யார், நாமா? சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் நேரத்தை மணி, நிமிடத்தோடு அறிவிக்கிற ஊர் இது. அந்த விடிகாலை நேரத்தை நம்பி லட்சக்கணக்கான சனம் ஆற்று மணலில் நிற்கிறது. மீனாட்சி கல்யாணத்துக்கு முகூர்த்தம் உண்டு, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மலையிலிருந்து கிளம்பி, வழியெல்லாம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று வருகிற அழகர் இறங்கிவிடுகிறார். பேனருக்குப் பணம் கொடுத்தவரால் மேடையிலிருந்து இறங்க முடியவில்லையா?

பேச்சு மேடையும் நமக்குப் புதிதில்லை. பட்டிமன்றத்தில் மணி அடித்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் முடித்துக்கொள்கிறார். மணிமேகலையில் விழாவுக்கு முரசறைகிறவன், ‘பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்’ என்று அறிவிக்கிறான். முறை தெரிந்தவன் ஏறு என்று அர்த்தம். எழுதியவர் இதே மதுரையில் தானியம் விற்ற சாத்தனார். அவருக்கும் யாரோ ஒரு வாழ்த்துரைக்காரரிடம் சூடு பட்டிருக்க வேண்டும்.

(இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மணி அமர்வைப் பந்தி நேரத்தில் வைத்தார்கள். பிரியாணி வாசனை வந்ததும் அரங்கில் மிஞ்சியது நானும் ஒலிபெருக்கிக்காரரும்.)

பெரியவரை மாட்டுத்தாவணிக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை தம்பி, நல்ல மரியாதை செய்தார்கள்” என்றார். சிவகாசி பஸ் வர நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். டப்பாவைத் திறந்து நிப்பை எடுத்தார். பயப்படுகிறவன் வசனத்தை எப்படி நடுங்க எழுதுவது, வில்லன் சிரிப்புக்கு எத்தனை ‘ஹா’ போட்டால் போதும், துப்பாக்கிச் சத்தத்தைப் படத்துக்கு மேல் எழுதும்போது எந்த வண்ணத்தை மறைக்கக்கூடாது என்று பேசினார். டீ கிளாஸின் ஈர வட்டத்தை விரலால் இழுத்துப் பலூன் போட்டுக் காட்டினார். இடையிடையே டிரைவர்கள் அடித்த ஹாரனுக்கு மட்டும் நிறுத்தினார். நாற்பது நிமிடம் இருக்கும். கேட்டவர்கள் நானும் ஒரு வேர்க்கடலை வியாபாரியும். அந்த வியாபாரி ஒரு கேள்வி கேட்டார், “எழுத்துப் பிழை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” இரண்டு நாளில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். “சுரண்டி எடுத்துவிட்டு அது மேலேயே எழுதுவேன்” என்றார் பெரியவர். பஸ் வந்துவிட்டது.

நேற்று அடுத்த ஆண்டு அழைப்பிதழின் மாதிரியைப் போனில் அனுப்பியிருந்தார்கள். வாழ்த்துரை எட்டாக உயர்ந்திருக்கிறது. நேரக் கண்காணிப்பாளர் என்ற பதவியையே எடுத்துவிட்டார்கள். என் மனம் குளிரட்டும் என்று வரவேற்புரையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொதித்துப்போய்ப் போனைத் தூக்கி எறியப் போனேன். எறிவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக்கி, என் பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.