புள்ளி வைத்த மண்டைகளும் ஒரு எலி ராசாவும்

ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த நாற்பது வினாடி வீடியோ வந்து சேர்ந்திருக்கும். மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். "விடுங்க எழில், சின்ன விஷயம்" என்று போன் செய்தவர்களிடம் எல்லாம் சரி சரி என்றேன். விட முடியவில்லை. எழுதிவிட்டுத்தான் இன்றைக்குத் தூக்கம்.

மனிதர்களையும் வேற்றுக்கிரகவாசிகளையும் பற்றிய பத்து தொலைக்காட்சித் தொடர்கள் என்று அந்தத் திருத்தணிக் கூட்டத்தில் நண்பர் பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். கேள்வி நேரத்தில் எழுந்து, "'ஏலியன் நேஷன்' விட்டுப் போச்சே சார்" என்றேன். ஒரே வரிதான். "அதுவா? மண்டையில புள்ளி வெச்ச மெகா சீரியல்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நகரியில இருந்து வர்றார் இல்ல, ஆந்திராக்காரங்களுக்கு எதுலயும் மசாலா தூக்கலா இருக்கணும்" என்றார். இரண்டாவது சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை.

மசாலாவுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தொடர்.

அவருடைய பட்டியலில் பெரும்பாலானவற்றில் நடப்பது ஒன்றுதான். கலம் வரும், நகரம் எரியும், மனிதர்கள் ஒன்று சேர்வார்கள், கலம் போய்விடும் அல்லது வெடிக்கும். கலம் வந்து இறங்கி, சண்டை எதுவும் இல்லாமல், இறங்கியவர்கள் இங்கேயே தங்கிவிட்டால் அப்புறம் என்ன ஆகும்? இந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 'ஏலியன் நேஷனை' 22 அத்தியாயம் எடுத்தார்கள். 1989 செப்டம்பரில் ஆரம்பித்து 1990 மே மாதத்தில் நிறுத்தப்பட்ட தொடர். ஒரே ஒரு சீசன். அதற்குள் அவர்கள் தொட்ட இடங்களை ஏழெட்டு சீசன் ஓடிய தொடர்கள் தொடவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மொஹாவே பாலைவனத்தில் ஒரு கலம் வந்து விழுகிறது. உள்ளே இரண்டரை லட்சம் பேர். படையெடுத்து வந்தவர்கள் இல்லை, அடிமைகள். எந்த மண்ணிலும் எந்த வெயிலிலும் உழைக்கிற மாதிரி வளர்த்தெடுக்கப்பட்டவர்கள். திரும்பிப் போக வழியில்லை. அது நடந்து ஐந்து வருடம் கழித்துத்தான் தொடரே தொடங்குகிறது. கலம் விழுந்தது பழைய செய்தியாகிவிட்டது. இப்போது அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை கொடுக்கிறார்கள், பேருந்தில் நிற்கிறார்கள், ஜார்ஜ் பிரான்சிஸ்கோ என்ற ஒருவன் போலீஸ் துப்பறிவாளனாகவும் ஆகிவிட்டான். அவனோடு ஜோடி சேர்த்துவிடப்பட்ட மனிதப் போலீஸ்காரன் மாத்யூ சைக்ஸுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. கலம் இறங்கியாச்சு. அப்புறம்? அப்புறம் ஜார்ஜின் சின்னப் பெண் எமிலி முதல் நாள் பள்ளிக்கூடம் போகிறாள், வாசலில் பெரியவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். முதல் அத்தியாயமே இதுதான். லேசர் துப்பாக்கி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு விஷயம். நண்பர் பட்டியலில் மூன்றாவதாக இருந்தது 'வி', 1983. மனிதத் தோல் போர்த்திய பல்லிகள் பூமிக்கு வருகிற கதை. அதை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தார், நியாயம்தான், எனக்கும் பிடிக்கும். அதை எடுத்தவர் கென்னத் ஜான்சன். 1988இல் திரைப்படமாக வந்த 'ஏலியன் நேஷனை' எடுத்துத் தொலைக்காட்சித் தொடராக வளர்த்தவர் யார்? அதே கென்னத் ஜான்சன்! படையெடுப்புக் கதையை எடுத்து முடித்த மனுஷன், ஆறு வருடம் கழித்து வந்து, படையெடுப்பு வேண்டாம், குடித்தனத்தைக் காட்டுகிறேன் என்கிறார். முன்னது உலகத் தரம், பின்னது மெகா சீரியல். என்ன கணக்கோ.

இப்போது மேக்கப். "மண்டையில புள்ளி." ஆமாம், புள்ளிதான். மொட்டை மண்டை, பின்னால் நீண்டிருக்கும், மேலே பழுப்புப் புள்ளிகள். 1989இன் தொலைக்காட்சிப் பட்ஜெட்டில் வாராவாரம் அதைத்தான் செய்ய முடியும். ஆனால் நாலு அத்தியாயம் பாருங்கள், ஜார்ஜ் பிரான்சிஸ்கோவாக வரும் எரிக் பியர்பாயின்ட் அந்த ரப்பருக்கு அடியிலிருந்து கண்ணாலேயே நடிப்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இன்னும் மரியாதையாகிவிடும். எங்கள் அப்பா அரசாங்க அலுவலகங்களில் அப்படித்தான் பேசுவார். எந்த அளவுக்கு அவமானமோ அந்த அளவுக்கு, தெலுங்கில் மரியாதைக்குச் சேர்க்கிற "அண்டி" கூடும். அது மேக்கப்பா? மூன்று கோடி ரூபாய் கிராபிக்ஸில் வாயே அசையாத ஜந்துவைக் காட்டினால் தரம், ஒரு நடிகன் ரப்பரைப் போட்டுக்கொண்டு கண் கலங்கினால் மெகா சீரியல். சரி.

"துப்பறியும் கதை எல்லாம் சப்பை" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். சில வாரம் சப்பைதான், ஒத்துக்கொள்கிறேன். "வேற்றுக்கிரகவாசியைச் சிறுபான்மையினருக்கு உவமையாக வைப்பதே தப்பு, அவர்கள் உண்மையிலேயே வேறு இனம், மனிதர்கள் அப்படி இல்லையே" என்று இன்னொருவர். நல்ல கேள்வி. யோசிக்க வேண்டியதுதான். ஆனால் இதைக் கேட்கிறவர்கள் தொடரை முழுசாகப் பார்த்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அடுத்தது.

அந்த வேற்றுமைகளைத்தானே ஐயா அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து விளையாடியிருக்கிறார்கள்! இவர்களுக்கு இரண்டு இதயம். வேக வைத்த இறைச்சி ஒத்துக்கொள்ளாது, பச்சையாகத்தான். சாராயம் ஏறாது, புளித்த பால் குடித்தால் போதை. கடல் தண்ணீர் பட்டால் அமிலம் போல வெந்துவிடும், ஆனால் குடியேறியது கடலோர நகரத்தில். பிள்ளைப்பேற்றில் ஒரு கட்டத்துக்குப் பிறகு குழந்தையை அப்பாதான் சுமக்கணும். துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கர்ப்பவதனாக ஜார்ஜ் வேலைக்குப் போவதை முதலில் பார்க்கும்போது சிரிப்பு வரும். அவனுக்கு ஓடியாடி உதவுகிற சைக்ஸைப் பார்க்கும்போது சிரிப்பு நின்றுவிடும். ஆரம்பத்தில் இவன் பக்கத்தில் உட்காரவே யோசித்தவன் அவன்.

என் மாமனார் தெலுங்குக்காரர், விசைத்தறி ஓட்டியவர், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. ஒரு மழை நாளில் நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜார்ஜ் வீட்டில் சாப்பாட்டுக் காட்சி. சைக்ஸ் தட்டைப் பார்த்து விழிக்கிறான். மாமனார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கொத்த அல்லுடா?" என்றார். புது மாப்பிள்ளையா என்று கேட்கிறார். நான் முதன்முதலாக அவர் வீட்டில் சாப்பிட்டபோது இப்படித்தான் விழித்தேனாம். தட்டில் இருந்தது களி. அவர்கள் சங்கடி என்றார்கள். பேர் புரியாமல் விழித்தேனே தவிர, அதே கேழ்வரகைத்தான் என் அம்மாவும் கிண்டுவாள். முப்பத்தைந்து வருடத் தொடர் விமர்சனத்தில் யாரும் சொல்லாததை அவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார். அவரைத் திருத்தணி மேடையில் ஏற்றியிருக்க வேண்டும்.

இப்போது பெயர் விஷயம். எனக்கு இந்தத் தொடர் ஏன் நெஞ்சில் ஒட்டியது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டரை லட்சம் பேருக்குப் பெயர் பதிய வேண்டும். அவர்கள் மொழிப் பெயர் குடியேற்ற அதிகாரிகள் வாயில் நுழையவில்லை. அலுத்துப்போய் வேடிக்கைக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். நம் ஆள் ஜார்ஜுக்கு முதலில் வைத்தது சாம் பிரான்சிஸ்கோ. சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர்ப் பெயரைத் திரித்த கிண்டல், அவனுக்குப் புரியவில்லை. போலீஸ் நிலையத்தில் தரை துடைக்கிறவருக்கு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கை நீட்டி அறிமுகம் செய்துகொள்கிறார்கள். எதிரில் இருப்பவன் ஏன் உதட்டைக் கடிக்கிறான் என்று தெரியாமல்.

என் பெயர் எழிலரசன். தெலுங்கில் 'ழ' கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அங்கிருந்தவர் அப்பா சொன்னதைக் காதில் வாங்கி, எலிலராசு என்று எழுதினார். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிற பையன்கள். விடுவார்களா? அன்று சாயந்திரத்துக்குள் எலி ராசா ஆனேன். பத்தாவது வரைக்கும் எலி ராசா. அடுத்த கேள்வி, "இண்டி பேரு ஏமி?" ஆந்திராவில் வீட்டுப் பேர் இல்லாமல் ஆள் இல்லை. எங்களுக்கு இனிஷியல்தான் உண்டு. அப்பாவுக்குக் கேள்வி புரியாமல், வீடு எங்கே என்று கேட்கிறார்கள் என நினைத்து "நகரி" என்றார். எழுதிவிட்டார்கள், நகரி எலிலராசு. மூன்று வருடம் கழித்துத் தங்கையை வேறு பள்ளியில் சேர்க்கும்போது அப்பா உஷாராகி இன்னும் துல்லியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு "ஏகாம்பரகுப்பம்" என்றார். நீளமாக இருக்கிறதென்று குப்பம் மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் நகரி, ஒருவர் குப்பம். தங்கை பாஸ்போர்ட் எடுக்கும்போது நாங்கள் அண்ணன் தங்கை என்று நிரூபிக்க நான்கு மாதம் அலைந்தோம். சென்னையில் அவளுடைய முதல் இன்டர்வியூவில், "குப்பமா, மீனவ சமுதாயமா?" என்று கேட்டார்களாம். எங்கள் ஊரில் குளம்கூடச் சரியாகக் கிடையாது.

ஜார்ஜுக்கு ஸ்டாங்யா என்று ஒரு சொந்தப் பெயர் இருக்கிறது. அவன் மனைவி வீட்டுக்குள் அவனை அப்படிக் கூப்பிடுகிற இடங்களில் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன்.

"உன் சொந்தக் கதையைத் தொடர் மேல ஏத்திப் பாக்குற" என்று சொல்வார்கள். ஆமாம், ஏற்றிப் பார்க்கிறேன். நீங்கள் உங்கள் பத்துத் தொடர்களை யார் கதையை வைத்துப் பார்க்கிறீர்கள்? உங்களுக்கு விண்கலம் பிடித்திருக்கிறது, எனக்குப் பதிவேடு பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீங்க யாரும் வெளியில இருந்து வந்தவங்க இல்லையே, அப்புறம் எதுக்கு ஏலியனோட ஒப்பீடு" என்றும் ஒருவர் கேட்டார். அதுதான் எனக்கும் புரியவில்லை சார். என் தாத்தா நகரியில் ஒரே வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்து சித்தூர் ஜில்லா அதோடு போனது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. நகரி திரும்பவில்லை. திருத்தணி மலையில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிக்கொண்டு நடந்தே போன மனுஷன் அவர். அப்புறம் அதே மலைக்கு வேறு மாநிலத்துக்காரராகப் போனார். தாத்தா வெற்றிலைப் பெட்டியைக்கூட நகர்த்தவில்லை.

தொடரில் கலத்தில் வந்த புதியவர்களைத் திட்ட ஒரு சொல் உண்டு, 'ஸ்லாக்'. கசடு என்று வைத்துக்கொள்ளலாம். போகிறபோக்கில் சொல்வார்கள், சைக்ஸும் சொல்வான். எனக்கு இரண்டு உண்டு. நகரியில் கோபம் வந்தால் "அரவோடு", தமிழனைத் திட்டுகிற தெலுங்குச் சொல். சென்னையில் நான் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால் "கொல்ட்டியா?" இரண்டையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே கேட்டும் பழகிவிட்டேன். ஆனால் திருத்தணி அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். ரயிலில் கொஞ்ச நேரம். என் பேச்சும் நண்பர் பேச்சும் ஒரே வண்டல். அங்கே போய் என் மொழியில், என் எழுத்தாளர்களைப் பற்றியெல்லாம் பேசும் கூட்டத்தில், நான் ஆந்திராக்காரன் என்று தெரிந்துகொண்டு வந்தேன்.

மசாலாவுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம், விடுங்கள்.

தொடர் எப்படி முடிந்தது என்றாவது சொல்கிறேன். முடியவே இல்லை. புதியவர்களை மட்டும் கொல்கிற ஒரு நோய்க்கிருமியைச் சிலர் தயாரிக்கிறார்கள். ஜார்ஜின் மனைவியும் எமிலியும் படுத்த படுக்கை. அந்த இடத்தில் சீசன் முடிகிறது. அடுத்த சீசன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தவர்கள் நான்கு வருடம் காத்திருந்தார்கள். 1994இல் ஒரு தொலைக்காட்சிப் படமாக மீதிக் கதையைச் சொன்னார்கள். பிறகு 1997 வரை இன்னும் நான்கு படங்கள். அதே நடிகர்களை அதே ரப்பரோடு திரும்பக் கூட்டிவந்தார்கள். ரசிகர்கள் மறக்காமல் இருந்ததால் நடந்தது அது. சைக்ஸாக நடித்த கேரி கிரஹாம் 2024 ஜனவரியில் காலமானார். அன்று நான் இங்கே எழுதிய இரங்கல் பதிவுக்கு ஏழு விருப்பக்குறி. அதில் ஒன்று என் மனைவி.

இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன். "எலி விஷயத்த எடுத்துடுங்க, பசங்க படிப்பாங்க" என்றாள். எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது நண்பர் தோளில் கை போட்டு, தமாஷுக்குச் சொன்னதை மனதில் வைக்காதீர்கள், அந்தத் தொடரை எங்கே பார்க்கலாம் என்று அனுப்புங்கள் என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார், அது முகத்தில் தெரிந்தது. என் எண்ணை வாங்கிக்கொண்டு எதிரிலேயே பெயர் போட்டுச் சேமித்தார். எட்டிப் பார்த்தேன். 'ஆந்திரா எழில்' என்று இருந்தது. 'ழ' சரியாகத்தான் போட்டிருந்தார்.