636001

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு உறை எழுத உட்கார்ந்தேன். சேலம் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல் எண் 636001-ஐ அன்று நாற்பது தடவையாவது எழுதியிருப்பேன். உறைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்த பெரியப்பா, "கூட்டினால் 7 வருகிறது கண்ணு, நல்ல எண்" என்றார்.

என் மனம் ஒப்பவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 16, அதையும் கூட்டினால் 7. அந்த 7 என்பது 636001-ஐ 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். 16, 25, 34 என்று ஒன்பது ஒன்பதாகத் தாண்டிப் போகும் எல்லா எண்களுக்கும் அதே 7 வரும். வண்டி எண்ணுக்கும் கடைப் பெயருக்கும் இதை நம்பிப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒருவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல், ராசியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போவதைப் போன்றது இது.

ஓர் எண்ணோடு பேச வேண்டுமானால் அதன் காரணிகளைத் தேட வேண்டும். கிழிந்த உறை ஒன்றின் பின்பக்கம் தொடங்கினேன். 2, 3, 5, 7, 11 எதற்கும் மசியவில்லை. 53-இல் மூச்சு நின்றது: 53 × 12000 = 636000. ஒன்று மிஞ்சிவிட்டது!

பிறகு 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா காட்டிய வழிக்கு மாறினேன். எண்ணைவிடப் பெரிய வர்க்கம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து எண்ணைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதும் வர்க்கமாக இருந்தால் காரணிகள் கைக்கு வந்துவிடும். 798-இன் வர்க்கத்தில் கழித்தால் 803, ஆகாது. 799-இல் 2400. 49-இன் வர்க்கம் 2401! மறுபடியும் ஒன்றில் தவறியது. விடாமல் ஏறினேன். 815-இன் வர்க்கம் 664225, கழித்தால் 28224. அது 168-இன் வர்க்கம்.

815-இலிருந்து 168-ஐக் கழித்தால் 647, கூட்டினால் 983. நம் ஊர் எண் 647 × 983. இரண்டுமே பகா எண்கள். வரிசையாக வகுத்துப் போயிருந்தால் 117 பகா எண்களில் தோற்ற பிறகுதான் 647 வந்திருக்கும். இந்த வழியில் பதினெட்டாவது முயற்சியிலேயே கிடைத்தது. காரணிகள் இரண்டும் வர்க்கமூலத்துக்குப் பக்கத்தில் இருந்ததே காரணம். தள்ளித் தள்ளி இருந்தால் இதே வழி ஆளைக் களைக்க வைத்துவிடும்.

பெருக்குவது நொடி வேலை, பிரிப்பது பெரும்பாடு. செய்திகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்ப 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ என்னும் ரகசியப் பூட்டு இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் நிற்கிறது. அதற்குச் சவாலாக வைக்கப்பட்ட 250 இலக்க எண் ஒன்றை 2020-இல்தான் பிரிக்க முடிந்தது.

பள்ளியில் காரணிப்படுத்தச் சொல்லி 24, 36, 60 என்றே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டு அஞ்சல் எண்ணைக் கொடுங்கள். தன் எண் என்றால் எந்தப் பிள்ளையும் பாதியில் விடாது.

மறுவாரம் பத்திரிகை வைக்க ஏற்காடு போனேன். அடிவாரத்தில் பஸ் ஏறத் தொடங்கியபோது 636601-ஐ எழுதினேன். 7 உடனே விழுந்தது, ஈவு 90943. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பேனா சறுக்கியது. ஊர் வருவதற்குள் 199 × 457 என்று எழுதி முடித்திருந்தேன். பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "எங்கள் வீட்டு எண் அது" என்றான். பேனாவை அவனிடம் கொடுத்தேன்.