பிளாக்வுட் இருக்கட்டும், முதலில் 1 நோ ட்ரம்ப் ரீபிட்டுக்கு வழி பண்ணுங்கள்

புதிதாக ஜோடி சேரும் பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் கன்வென்ஷன் கார்டை (தங்கள் ஏல ஏற்பாடுகளை எழுதும் அட்டையை) நிரப்ப உட்கார்ந்ததும் பேச்சு நேரே ஸ்லாமுக்கு, அதாவது 12 அல்லது 13 ட்ரிக் எடுக்கும் ஏலத்துக்குப் போய்விடுகிறது. ஏஸ்களைக் கேட்கும் பிளாக்வுட்டில் கீ கார்டு 1430 முறையா 3014 முறையா, டிரம்ப் க்வீனைக் கேட்பது எப்படி, ஸ்பிளின்டர் (ஒரு சூட்டில் ஒரே சீட்டு அல்லது சீட்டே இல்லை என்று காட்டும் பிட்) எங்கெங்கே என்று அரை மணி நேரம் ஓடும். "சரி, 1 கிளப் – 1 ஸ்பேடு – 1 நோ ட்ரம்ப் வந்தால் அடுத்து என்ன?" என்று கேட்டால், "அங்கே எல்லாம் நேச்சுரல்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஸ்லாம் கை எப்போதாவது வரும். 1 நோ ட்ரம்ப் ரீபிட் (ஏலத்தைத் திறந்தவரின் இரண்டாவது பிட்) அடிக்கடி வரும், பார்ட்ஸ்கோரா (சிறிய காண்ட்ராக்ட்) கேமா (போனஸ் தரும் காண்ட்ராக்ட்) என்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு செயற்கை ரீபிட் முறைக்குத்தான் இடம் உண்டு என்றால், அது டூ-வே செக்பேக்காக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிய மைனர் சூட்டை (கிளப் அல்லது டைமண்ட்) கேள்வியாக்கும் நியூ மைனர் ஃபோர்சிங் வேண்டாம். கஸில்லி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

ஓப்பனர் (ஏலத்தைத் திறந்தவர்) 1 நோ ட்ரம்ப் என்று ரீபிட் செய்தவுடன் அவர் கை கிட்டத்தட்ட திறந்த புத்தகம். 1 நோ ட்ரம்ப் திறக்க 15–17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, க்வீன் 2, ஜாக் 1) வைத்திருக்கும் ஜோடி என்றால் அது 12–14 பாயிண்ட், ஏறக்குறைய சமச்சீரான கை. இனி முடிவெடுக்க வேண்டியவர் அவருடைய பார்ட்னரான ரெஸ்பாண்டர். அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டே இரண்டு: என் மேஜரில் (ஸ்பேடு அல்லது ஹார்ட்) ஓப்பனரிடம் 3 சீட்டு இருக்கிறதா, 12-ஆ 14-ஆ. இதைக் கேட்க மலிவான இடம் 2 கிளப்பும் 2 டைமண்டும். இந்த இரண்டையும் "எனக்கு இந்த மைனர் இருக்கிறது" என்று சொல்வதற்கே செலவழித்தால், கேள்வி கேட்க இடமே மிஞ்சாது.

முறை இதுதான். 1 நோ ட்ரம்புக்கு மேல் 2 கிளப் என்றால் ஓப்பனர் 2 டைமண்ட் சொல்லியே ஆக வேண்டும். அதன்பின் ரெஸ்பாண்டர் பாஸ் செய்தால் டைமண்டில் பலவீனமான கை. வேறு எது சொன்னாலும் இன்விடேஷன் (கேமுக்கு அழைப்பு), அதாவது சுமார் 11 பாயிண்ட். 1 நோ ட்ரம்புக்கு மேல் நேராக 2 டைமண்ட் என்றால் கேம் ஃபோர்சிங் (கேம் வரை ஏலம் நிற்காது), டைமண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தன் மேஜரையே 2 அளவில் திருப்பிச் சொன்னால் பலவீனம், ஓப்பனர் பாஸ். 1 ஸ்பேடு சொன்னவர் 2 ஹார்ட் என்றால் அதுவும் பலவீனம். ஓப்பனர் பாஸ் செய்யலாம் அல்லது 2 ஸ்பேடுக்குத் திருத்தலாம். நேராக 3 அளவுக்குத் தாவினால் நல்ல சூட், ஸ்லாம் ஆசை. 2 நோ ட்ரம்ப் இன்விடேஷன் 2 கிளப் வழியாகவே போய்விடுவதால் நேரடி 2 நோ ட்ரம்ப் காலியாகிறது. அதை 3 கிளப் சொல்ல வைக்கும் ரிலேயாக வைத்துக்கொண்டால் கிளப்பில் இறங்கி நிற்கலாம்.

ஒரு கையைப் பார்ப்போம். ரெஸ்பாண்டரிடம் ஸ்பேடில் ஏஸ், ஜாக், 8, 5, 2. ஹார்ட்டில் கிங், 7, 4. டைமண்டில் க்வீன், ஜாக், 3. கிளப்பில் 9, 5. மொத்தம் 11 பாயிண்ட். 1 கிளப் – 1 ஸ்பேடு – 1 நோ ட்ரம்ப் ஆகிவிட்டது. எந்த ஏற்பாடும் இல்லாத ஜோடியில் இவர் என்ன சொல்வார்? 2 ஸ்பேடு பலவீனம். 3 ஸ்பேடு சொன்னால் 6 சீட்டு என்று பொருள். மிஞ்சுவது 2 நோ ட்ரம்ப், அதில் ஐந்தாவது ஸ்பேடு மறைந்துபோகிறது. இப்போது ஓப்பனரிடம் ஸ்பேடில் கிங், க்வீன், 4. ஹார்ட்டில் ஏஸ், 6, 3. டைமண்டில் 8, 5. கிளப்பில் கிங், ஜாக், 8, 7, 2 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 பாயிண்ட், டைமண்ட் பலவீனம். 2 நோ ட்ரம்பைக் கேட்டவர் நியாயமாகவே பாஸ் செய்வார். டூ-வே செக்பேக்கில் ஏலம் 2 கிளப் – 2 டைமண்ட் – 2 ஸ்பேடு என்று போகும். "சரியாக 5 ஸ்பேடு, இன்விடேஷன்" என்று கேட்டதும் இதே 13 பாயிண்ட் மேலேறிவிடுகிறது: டிரம்பில் இரண்டு ஹானர், பக்கத்தில் ஒரு ஏஸ், டைமண்டில் ரஃப் (டிரம்பால் வெட்டும் வாய்ப்பு). 4 ஸ்பேடு சொல்லிவிடலாம். வல்னரபிளில் (போனஸும் அபராதமும் கூடும் நிலையில்) 4 ஸ்பேடு ஜெயித்தால் 620. 2 நோ ட்ரம்பில் ஒரு ட்ரிக் கூடுதலாக எடுத்தாலும் 150. வித்தியாசம் 470, அதாவது டீம் ஆட்டக் கணக்கில் 10 இம்ப்.

இதே ஓப்பனரிடம் ஸ்பேடில் வெறும் 6, 3, மொத்தம் 12 பாயிண்ட் என்றால் 2 ஸ்பேடிலேயே பாஸ். 23 பாயிண்டில் 2 நோ ட்ரம்ப் ஆடித் திணறுவதைவிட 5–2 ஃபிட்டில் (இருவரிடமும் சேர்ந்து 7 டிரம்ப்) 8 ட்ரிக் தேடுவது பெரும்பாலும் சுலபம். கேமைப் பிடிப்பதற்காக மட்டும் இந்த முறை இல்லை, தாழ்ந்த இடத்தில் நிற்பதற்காகவும்தான்.

இங்கே ஓப்பனர்கள் செய்யும் தவறு ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. 3 ஸ்பேடும் 12 பாயிண்டும் இருக்கும்போது, ஃபிட் கிடைத்த மகிழ்ச்சியில் 3 ஸ்பேடுக்கு உயர்த்துகிறார்கள். இன்விடேஷனுக்குப் பதில் இன்னொரு இன்விடேஷன் கிடையாது. குறைந்தபட்சக் கை என்றால் 3 சீட்டு இருந்தாலும் பாஸ். நல்ல கை என்றால் 4. நடுவில் நின்றால், சுகமாக 2 அளவில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டத்தை 3 அளவில் ஒன்று கீழே போய் இழக்க நேரும்.

அதைவிடப் பெரிய தவறு, 2 கிளப்புக்கு 2 டைமண்ட் சொல்லாமல் "நல்ல கைதானே, 3 ஸ்பேடு வேறு இருக்கிறதே" என்று 2 ஸ்பேடு சொல்வது. ரெஸ்பாண்டரிடம் ஸ்பேடில் கிங், 9, 6, 4, ஹார்ட்டில் 5, டைமண்டில் க்வீன், ஜாக், 8, 5, 3, 2, கிளப்பில் 7, 4 இருக்கலாம். 6 பாயிண்ட். 2 டைமண்டில் பாஸ் செய்வதற்காகவே அவர் 2 கிளப் சொன்னார். 1 நோ ட்ரம்புக்குப் பிறகு இந்த ரிலேயை மீறும் கை என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை கார்டிலேயே எழுதி வையுங்கள்.

நியூ மைனர் ஃபோர்சிங்கில் இந்தக் கடைசிக் கை தவிக்கும். அங்கே 1 கிளப்புக்குப் பிறகு 2 டைமண்ட் ஃபோர்சிங் என்பதால் டைமண்டில் நிற்க வழியில்லை. அதன் உண்மையான குறை வேறு: ஒரே பிட்டுக்குள் இன்விடேஷனும் கேம் ஃபோர்சிங்கும் அடைபட்டுக் கிடக்கின்றன. ஓப்பனர் பதில் சொன்ன பிறகு ரெஸ்பாண்டர் சொல்லும் 2 ஸ்பேடு நிற்குமா, 3 கிளப் நிற்குமா, 3 ஸ்பேடு நிற்குமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் மறந்தாலும் கேமுக்கு முன்பே ஏலம் செத்துவிடும். டூ-வே செக்பேக்கில் முதல் பிட்டிலேயே அது தீர்ந்துவிடுகிறது: 2 கிளப் என்றால் இன்விடேஷன், 2 டைமண்ட் என்றால் கேம். பயன்படுத்துவது இரண்டு பிட், ஆனால் நினைவில் வைக்க வேண்டியது குறைவு. எளிமைக்காக நியூ மைனர் ஆடுகிறோம் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான்.

ஐரோப்பாவில் இதே பிரச்சினைக்கு வேறு விடைகள் கண்டார்கள். பிரான்சில் ஜான்-மார்க் ரூதினெஸ்கோவின் பெயரால் வந்த 2 கிளப் 'ரூடி', மேஜரின் நீளத்தையும் கையின் பலத்தையும் படிப்படியான பதில்களில் கேட்கிறது. இங்கிலாந்தில் எரிக் க்ரோஹர்ஸ்ட் 1 நோ ட்ரம்ப் ரீபிட்டை 12–16 என்று அகலமாக விட்டு, 2 கிளப்பால் அந்த அளவையே கேட்டார். இரண்டும் நல்ல சிந்தனை. நம்மில் பலர் ஆடும் குறுகிய 12–14 ரீபிட்டுக்குப் பதில்களைப் பிரித்து அறிவதைவிட, ரெஸ்பாண்டரின் பலத்தைப் பிரித்துச் சொல்வதே அதிகப் பலன் தரும்.

விலை இல்லாமல் இல்லை. 2 கிளப்பில் ஆடவே முடியாது. ஸ்பேடில் க்வீன், 10, 7, 4, ஒரே ஹார்ட், மூன்று சிறு டைமண்ட், கிளப்பில் கிங்கோடு 5 சீட்டு என்று 5 பாயிண்ட் வைத்திருப்பவர், 2 நோ ட்ரம்ப் ரிலே வழியாக 3 கிளப்பில் நிற்க வேண்டும், அல்லது 1 நோ ட்ரம்பில் பாஸ். ஒவ்வொரு போர்டிலும் மற்ற ஜோடிகளோடு ஒப்பிடும் பெயர்ஸ் ஆட்டத்தில் இது சில போர்டுகளில் கடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2 கிளப்பில் நம்மை நிம்மதியாக ஆடவிடும் எதிராளிகள் எப்படியும் குறைவு.

2 டைமண்ட் கேம் ஃபோர்சிங்குக்கு ஓப்பனரின் பதில் பற்றி ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 1 கிளப் – 1 ஸ்பேடுக்குப் பிறகு 1 நோ ட்ரம்ப் சொன்ன ஓப்பனரிடம் 4 ஹார்ட் ஒளிந்திருக்கலாம். 2 ஹார்ட் சொன்னால் ரிவர்ஸ் (கூடுதல் பலம் காட்டும் பிட்) ஆகிவிடும் என்பதால் அவரால் காட்ட முடிந்திருக்காது. 4 ஹார்ட், 3 ஸ்பேடு இரண்டும் இருந்தால் எதை முதலில் சொல்வது? கீழிருந்து மேலே போவதே நல்லது: 2 ஹார்ட். ரெஸ்பாண்டர் 2 ஸ்பேடு என்றால் அப்போது 3 ஸ்பேடுக்கு உயர்த்தலாம். ஏலம் கேமுக்கு முன் நிற்காது என்பதால் அவசரமே இல்லை. இந்த நிலையில் 3 ஸ்பேடு 4 ஸ்பேடைவிட வலுவானது.

இதன் நீட்சி எக்ஸ்-ஒய்-இசட். முதல் மூன்று பிட்டும் 1 அளவில் இருந்தால், மூன்றாவது நோ ட்ரம்ப் ஆக இல்லாவிட்டாலும் இதே 2 கிளப், 2 டைமண்ட். நார்மன் ஸ்கொயர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்காவது சூட் ஃபோர்சிங் (யாரும் சொல்லாத நான்காவது சூட்டைக் கேள்வியாகச் சொல்வது) அந்த இடங்களில் தேவையற்றுப் போகிறது. ஆனால் 1 நோ ட்ரம்புக்குப் பிந்தைய பகுதி கையில் ஊறிய பிறகே இதைச் சேர்க்க வேண்டும் என்பேன். காரணம் ஒரே ஏலம்: 1 டைமண்ட் – 1 ஹார்ட் – 1 ஸ்பேடு. 7 பாயிண்டும் 3 டைமண்டும் வைத்திருப்பவர் கை பழக்கத்தில் 2 டைமண்ட் அட்டையை எடுத்து வைத்துவிடும். எக்ஸ்-ஒய்-இசட்டில் அது கேம் ஃபோர்சிங். சரியான வழி 2 கிளப் சொல்லி, 2 டைமண்டில் பாஸ் செய்வது. இன்னொன்று, 1 ஸ்பேடு சொன்ன ஓப்பனரிடம் 17 பாயிண்ட் வரை இருக்கலாம். எனவே இங்கே மட்டும் பெரிய கையோடு ரிலேயை மீறலாம். 1 நோ ட்ரம்புக்குப் பிறகு மீறவே கூடாது, 1 ஸ்பேடுக்குப் பிறகு சில சமயம் மீறலாம் என்ற இந்த வேறுபாட்டைப் பேசாமல் விட்டால் குழப்பம் நிச்சயம்.

கஸில்லி பற்றிக் கேட்பவர்களுக்கு: 1 மேஜர் திறந்து 2 கிளப் ரீபிட் செய்தால் இயல்பான கிளப் கை அல்லது 16-க்கு மேல் எதுவானாலும் என்பது அழகான யோசனைதான். அதற்குப் பிந்தைய பதில்கள் ஒரு முழு அத்தியாயம். வாரம் ஒருமுறை சந்திக்கும் ஜோடிக்கு, ரிவர்ஸுக்குப் பிறகு 2 நோ ட்ரம்ப், நான்காவது சூட் இரண்டில் மலிவானதைப் பலவீனம் காட்ட வைத்துக்கொள்ளும் ஏற்பாடே அதைவிட அதிகம் உதவும்.

எதிராளி குறுக்கிட்டால்? எளிய விதி போதும். முதல் சுற்றில் டேக்அவுட் டபுள் மட்டும் வந்திருந்தால் முறை தொடரும். சூட் ஏதாவது சொன்னாலோ, 1 நோ ட்ரம்பையே டபுள் செய்தாலோ எல்லாம் இயல்பு. முதலில் பாஸ் செய்த ரெஸ்பாண்டருக்கும் முறையை அப்படியே விட்டுவிடுங்கள். அவருக்கு 2 டைமண்ட் கை அரிதாகவே வரும் என்றாலும், விதிவிலக்குகள் கூடக் கூட மறதியும் கூடும்.

மறதி வந்தால் நேர்மை முக்கியம். நேர் மேசையில் பார்ட்னரின் 2 கிளப்பை நீங்கள் அலர்ட் செய்கிறீர்கள், அதாவது அது செயற்கை என்று எதிராளிகளுக்குத் தெரிவிக்கிறீர்கள். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் சொன்னவரே அலர்ட் செய்வார். பதிலாக வரும் 2 டைமண்டுக்கும் அலர்ட் உண்டு. மேசையில் ஒருவர் முறையை மறந்து உண்மையான கிளப்போடு 2 கிளப் சொல்லி, பார்ட்னரின் அலர்ட்டைக் கேட்டதும் நினைவு வந்தால், அந்த நினைவைப் பயன்படுத்த பிரிட்ஜ் சட்டங்களின் 16-ஆம் விதி இடம் தராது. 2 டைமண்டை பார்ட்னர் தானாகக் காட்டிய டைமண்ட் என்றே கருதி அடுத்த பிட்டைச் சொல்ல வேண்டும். மோசமான காண்ட்ராக்டில் மாட்டினாலும் அதுதான் முறை.

கடைசியாக, 12–14 நோ ட்ரம்ப் ஆடும் ஜோடிகளுக்கு. உங்கள் 1 நோ ட்ரம்ப் ரீபிட் 15–17. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் 12–14 ரீபிட்டுக்கு எழுதப்பட்டவை. அப்படியே எடுத்தால் 11 பாயிண்டில் இன்விடேஷன் கொடுத்து, 26-ஐத் தாண்டியும் பார்ட்ஸ்கோரில் நின்றுவிடுவீர்கள். உங்களுக்கு 2 கிளப் வழி இன்விடேஷன் 8 பாயிண்ட், நல்ல 5 சீட்டு சூட் இருந்தால் 7. 9 இருந்தாலே 2 டைமண்ட்.