முதல் தண்ணீரில் ஒட்டுண்ணிகளையும் தேட வேண்டும்

காவிரி டெல்டாவின் வாய்க்கால், குளத்து நீரைச் சோதிக்கும்போது கோலிஃபார்ம் பாக்டீரியாக்களோடு (மலக் கலப்பைக் காட்டப் பார்க்கப்படும் நுண்ணுயிர்கள்) நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் உறுதியான கருத்து. கால்நடைச் சாணத்தின் வழியே நீருக்கு வரும் ஒட்டுண்ணிகளைத் தனியாகத் தேடியே ஆக வேண்டும்.

கோடையில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறோம், தொழு உரம் இறைக்கிறோம், வாய்க்கால் கரையிலேயே மாடு கட்டுகிறோம். மேட்டூர் திறந்து வரும் முதல் தண்ணீரும் முதல் கனமழையும் இவற்றின் எச்சத்தை அள்ளிச் செல்கின்றன. மேலூரின் வடிகால்தான் கீழூருக்குப் பாசன வாய்க்கால் என்பதால், இந்தச் சுமை கடைமடைக் குளங்கள் வரை சேரக்கூடும். அந்தக் குளங்களில்தான் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியின் ஊசிஸ்ட் (முட்டை போன்ற, உறையுள்ள நிலை) 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவே உடையது. கழிச்சல் கண்ட ஓர் இளங்கன்று இவற்றைக் கோடிக்கணக்கில் வெளியேற்றும். கெட்டியான உறை இருப்பதால், குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் இதைக் கொல்லாது, ஆனால் கோலிஃபார்ம் வகையைச் சேர்ந்த ஈ.கோலி பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஆகவே 'ஈ.கோலி இல்லை' என்ற முடிவு, ஒட்டுண்ணி இல்லை என்பதற்குச் சான்றாகாது. கொதிக்க வைத்தால் அழிந்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500:2012-உம், 10 லிட்டர் நீரில் கிரிப்டோஸ்போரிடியமும், ஜியார்டியா என்ற மற்றொரு குடல் ஒட்டுண்ணியும் இருக்கக் கூடாது என்றே சொல்கிறது.

சோதனை எளிதன்று. பல லிட்டர் நீரை வடிகட்டி, எதிர்ப்புரதம் (ஊசிஸ்ட்டில் ஒட்டிக்கொள்ளும் புரதம்) பூசிய காந்த மணிகளால் ஊசிஸ்ட்டுகளைப் பிரித்தெடுத்து, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நம்மூர் புதுவெள்ளம் போன்ற கலங்கல் நீரில் வண்டல் வடிகட்டியை அடைத்துவிடும், ஊசிஸ்ட்டுகள் பலவும் கைக்குச் சிக்காமல் போகும். அதனால் தெரிந்த எண்ணிக்கையில் ஊசிஸ்ட்டுகளைக் கலந்த மாதிரி ஒன்றையும் உடன் சோதித்து, எத்தனை மீள்கின்றன என்று கணக்கிட வேண்டும். அந்த மீட்பு வீதத்தைக் குறிப்பிடாத 'காணப்படவில்லை' என்ற அறிக்கையை நான் ஏற்க மாட்டேன். உயிருள்ளவை எவை, இறந்தவை எவை என்பதையும் இந்த எண்ணிக்கை சொல்லாது.

எந்த இனம் என்று மரபணுச் சோதனையால் அறிவதும் கட்டாயம். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிக்கப்பட்ட குடிநீரில் இருந்த கிரிப்டோஸ்போரிடியத்தால் ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயுற்றபோது கால்நடைகள் மீதும் சந்தேகம் எழுந்தது. நோயாளிகளின் மாதிரிகளைப் பின்னர் மரபணு வழியாக ஆராய்ந்தபோது மனிதரிடையே பரவும் வகையே தென்பட்டது. இங்கும் அந்த ஆய்வைச் செய்யாமல், கிடை போட வரும் கீதாரிகள் மீதோ மாடு வளர்ப்போர் மீதோ பழி போடுவது அநியாயம். கிடையை நிறுத்தச் சொல்லவில்லை. சாணத்தை நன்கு சூடேறும்படி குவித்து மக்க வைத்து இடுவதும், கழிச்சல் கண்ட கன்றுகளைக் கரையிலிருந்து விலக்கிக் கட்டுவதும் நம்மால் முடியாதவை அல்ல.

ஆண்டுக்கு ஒருமுறை வசதியான நாளில் மாதிரி எடுப்பதற்குப் பதிலாக, முதல் தண்ணீர் வந்த வாரத்திலும், வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைக்குப் பின்னும், வடிகால் வந்து சேரும் இடத்திலும் குளத்துப் படித்துறையிலும் எடுக்க வேண்டும். முடிவுகளை நீரின் கலங்கல் அளவோடும் மீட்பு வீதத்தோடும் சேர்த்து கிராமசபையில் வாசிக்க வேண்டும் என்று கோருகிறேன்.