மார்க் குறைந்தால் முதலில் விடைத்தாளைப் பாருங்கள்

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கல்லூரியில் திடீரென்று மார்க் சரிந்தால், சுற்றியிருக்கும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இனிமேலாவது ஒழுங்கா படி." அந்த மாணவரும் தனக்குள் அதையேதான் சொல்லிக்கொள்கிறார். இந்த அறிவுரை மேல் எனக்குப் பல வருடக் கோபம். பாடம் நடத்துவது என் வேலை. புத்தகத்தையே தொடாமல் மார்க் இழந்தவர்கள் பெரும்பாலும் என்னைத் தேடி வருவதில்லை, காரணம் அவர்களுக்கே தெரியும். ராத்திரி பகலாகப் படித்தும் மார்க் இழந்தவர்கள்தான் கலங்கிப்போய் வருகிறார்கள். அவர்களிடம் போய் "இன்னும் படி" என்றால் என்ன செய்வார்கள்? எது பலன் தரவில்லையோ அதையே, தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு செய்வார்கள்.

ரிசல்ட் வந்த அன்றைக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். படிப்பை விடுவது, துறை மாறுவது எல்லாம் பிறகு யோசிக்கலாம். மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் கடைசித் தேதி என்ன என்பதை மட்டும் பார்த்துவையுங்கள். மனம் கொஞ்சம் அடங்கியதும், விடைத்தாளையோ அதன் நகலையோ எப்படியாவது வாங்கிப் பாருங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. திரும்பவும் அதைப் பார்க்க வேண்டுமா என்கிற வலி எனக்குப் புரிகிறது. ஆனால் மார்க் எங்கே போனது என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

விடையே தெரியாமல் விட்டது ஒரு வகை. தெரிந்தும் நேரம் போதாமல் விட்டது இன்னொரு வகை. "ஒப்பிடுக" என்று கேட்ட கேள்விக்கு இரண்டையும் தனித்தனியாக விளக்கிவிட்டு வந்திருப்பார்கள், பக்கம் பக்கமாக எழுதியும் பாதி மார்க்தான் கிடைக்கும். சிலருக்குத் தேர்வில் குறையே இருக்காது, அசைன்மென்ட் கொடுக்காததில் இன்டர்னல் மார்க் போயிருக்கும். "எனக்கு இந்தப் பாடம் வராது" என்று முடிவே கட்டிவிட்ட ஒரு மாணவியின் தாளை அவருடன் உட்கார்ந்து பார்த்தேன். எழுதிய விடைகளுக்கெல்லாம் நல்ல மார்க். முதல் இரண்டு கேள்விகளுக்கே பாதி நேரத்தைக் கொடுத்துவிட்டு, கடைசிப் பகுதியைத் தொடாமலே வந்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகுவது. இன்னும் நாலு மணி நேரம் படித்திருந்தாலும் அந்த மார்க் வந்திருக்காது.

சரி, உண்மையிலேயே படித்தது நினைவுக்கு வரவில்லை என்றால்? அப்போது படிக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும். பள்ளியில் திரும்பத் திரும்ப வாசித்தே நல்ல மார்க் வாங்கியவர்கள் கல்லூரியில் சறுக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பத்தியை ஒரு முறை படித்தபின், மாணவர்கள் அதைத் திரும்ப வாசிக்க வேண்டும், அல்லது பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்தவர்களுக்கு 42 தான். இந்த ஐந்து நிமிடக் கணக்குதான் ஆளை ஏமாற்றுகிறது. புத்தகத்தை மூடிய கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வு அறையில் இருக்காது. 2013-இல் டன்லோஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் பத்துப் படிக்கும் உத்திகளை ஆராய்ந்தபோது, அடிக்கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் தருபவை என்ற பிரிவில் வந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். ஆரம்பத்தில் வெறுப்பாகத்தான் இருக்கும், பாதி வராது. எது வரவில்லை என்று தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் இதில் கிடைக்கும் லாபம்.

"எல்லாம் போச்சு" என்று சொல்பவர்களை நான் ஒரு பேப்பரும் பேனாவும் எடுக்கச் சொல்வேன். பத்துப் புள்ளி அளவில் நாலு செமஸ்டர் சராசரி 8.2, ஐந்தாவதில் 6.4 என்று வைத்துக்கொள்வோம். எல்லா செமஸ்டருக்கும் ஒரே அளவு கிரெடிட், அதாவது சராசரியில் ஒரே எடை, என்றால் மொத்த சராசரி 7.84. மீதி மூன்று செமஸ்டரில் 8.27 எடுத்தால் படிப்பு முடியும்போது 8-ஐத் தொட்டுவிடலாம். கஷ்டம்தான், ஆனால் முன்பு எடுத்துக்கொண்டிருந்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கணக்குப் போடாத வரைக்கும் பயத்துக்கு அளவே இருப்பதில்லை.

தாளில் தெரியாத காரணங்களும் உண்டு. வீட்டில் ஒரு மரணம், பணக் கஷ்டம், முறிந்த உறவு. ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூடச் சோர்வைத் தந்து கவனத்தைக் கெடுக்கும். பிடித்தது எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கம் கெட்டு, மனம் கனத்தபடியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். செத்துவிடலாம் போல ஒரு நினைப்பு வந்தால் இரண்டு வாரம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரமே, நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி அவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள், உதவிக்குப் போங்கள். ஒரு செமஸ்டர் மார்க்குக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்க எந்தப் பாடத்துக்கும் தகுதியில்லை. இதைச் சத்தமாகவே சொல்கிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று. "ஏன் குறைஞ்சுது?" என்று முதல் கேள்வியிலேயே மடக்காதீர்கள். பிள்ளைக்கே பதில் தெரியாத கேள்வி அது, வாயில் வந்த ஏதோ ஒரு காரணத்தைத்தான் சொல்லும். சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேளுங்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

மாணவர்களே, ஆசிரியரிடம் போகத் தயங்காதீர்கள். போகும்போது விடைத்தாளையும் கையோடு கொண்டுபோங்கள். "எப்படிப் படிக்கணும்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "இந்த விடைக்குப் பத்துக்கு நாலுதான் வந்திருக்கிறது, முழு மார்க் வாங்க இதில் என்ன இருந்திருக்க வேண்டும்?" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டு வருகிற பிள்ளைக்கு நேரம் ஒதுக்காத ஆசிரியர்கள் குறைவு.